வாரியக் குடியிருப்பில் பழைய வீடு வாங்குவது குறித்து

வணக்கம். கே.கே. நகரில் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்குக் கட்டிய பழைய அடுக்குமாடி வீடொன்று விலைக்கு வந்திருப்பதாகவும், விற்பவரிடம் ஒதுக்கீட்டு ஆணையின் நகலும் பொது அதிகாரப் பத்திரமும் (பவர் பத்திரம்) மட்டுமே இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த நிலையில் முன்பணம் கொடுக்க வேண்டாம். தவணை முழுவதும் கட்டி முடித்து, வாரியம் ஒதுக்கீடுதாரர் பெயருக்கு விற்பனைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்த பிறகே அவரால் உங்களுக்கு முறையாக விற்க முடியும்; பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒதுக்கீடு பெற்றவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அனைவரின் கையெழுத்தும் தேவைப்படும். வில்லங்கச் சான்றையும் போட்டுப் பாருங்கள்.

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுகட்டுமானம் விரைவில் வரும் என்று தரகர் சொல்வதை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமை குறித்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்பது உண்மைதான். ஆனால் சம்மதம் கிடைத்து, புதிய வீட்டின் சாவி கைக்கு வருவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடலாம். அப்போது உங்கள் பேரத்துக்கு வலு சேர்ப்பது பத்திரத்தில் எழுதப்பட்டுள்ள பிரிபடாத பாகமே, அதாவது மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்குரிய பங்கே. பின்னால் அனுமதியின்றி இழுத்துக் கட்டிய அறைக்கு மதிப்பில்லை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது, வர்ணம் பூசிய கூடத்தைவிடக் குளியலறையின் உட்கூரையைக் கவனியுங்கள். அங்கே காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், நீர்க்கசிவு நெடுநாளாகவே இருக்கிறது என்று பொருள். மேல்வீட்டுக்காரர் ஒத்துழைக்காமல் அதை நிரந்தரமாகச் சரிசெய்ய இயலாது.