நன்றாக இருக்கும் ஏணி ஏன் சறுக்குகிறது?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்ப்பவர் பல்பு மாற்ற ஏறியபோது அலுமினிய ஏணி சறுக்கி, கீழே விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஏணியில் பழுது எதுவும் இல்லை. புது ஏணி வாங்கினால் போதுமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

பதில்: புது ஏணியும் அதே மாதிரி சாத்தினால் சறுக்கத்தான் செய்யும். ஏணியின் தலை சுவரில் படும் இடம் 12 அடி உயரம் என்றால், கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். நாலுக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. ஐந்தாறு அடி தள்ளி வைத்தாலும் ஆள் கீழ்ப்படிகளில் நிற்கும்வரை ஏணி அசையாது. மேலே போகப் போகத்தான் அவருடைய எடை ஏணியின் காலை வெளியே தள்ளும். ‘ஏறிப் பார்த்தேன், நல்லாத்தான் நின்றது’ என்று சொன்னவர்கள் உச்சிப் படிக்குப் போனதும் விழுவது இதனால்தான்.

உங்களுடையது மடக்கு ஏணியா? அதை விரிக்காமல் சுவரில் சாத்தி ஏறும் பழக்கம் எங்கும் இருக்கிறது. விரித்து நிற்பதற்கென்று சரிவாக அமைத்த ரப்பர் பாதம், மடக்கிச் சாத்தும்போது விளிம்பால் மட்டும் தரையைத் தொடும். டைல்ஸ் தரையில், அதுவும் துடைத்த ஈரத்தில், அந்த விளிம்பு எதைப் பிடிக்கும்? ஏணியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் தேய்ந்து அலுமினியம் தெரிந்தால் ரப்பரை உடனே மாற்றுங்கள். மின்சார வேலைக்கு மட்டும் ஃபைபர் ஏணி வாங்கியே ஆக வேண்டும். அலுமினியத்தில் மின்சாரம் பாயும்.

உயரத்தில் இருக்கும் பல்பைத் தரையில் நின்றே கழற்றும் நீளக் கம்புகள் கடையில் கிடைக்கின்றன. ஏறாமல் முடிகிற வேலைக்கு யாரையும் ஏற்றாதீர்கள். ஏறியே ஆக வேண்டுமென்றால் கீழே இன்னொருவர் இருக்கட்டும். கை எட்டாவிட்டால் பக்கவாட்டில் சாயாமல், இறங்கி ஏணியை நகர்த்த வேண்டும். அப்புறம், அந்த நேரத்தில் அடுத்த வேலைக்குப் போன் போட்டு அவசரப்படுத்தாதீர்கள். எட்டிப் பிடித்து முடித்துவிடலாம் என்று தோன்றுவதே அந்த அவசரத்தில்தான்.

யாராவது விழுந்தால் உடனே தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலை, கழுத்து, முதுகில் அடி என்று சந்தேகம் வந்தாலே அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். காலூன்றி விழுந்து குதிகால் எலும்பு உடைந்திருந்தால், முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

மணிக்கட்டு உடைந்தவர் ஏஜென்சி ஆளா? இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு இருக்கிறதா, விபத்து அறிக்கை போய்விட்டதா என்று இன்றே விசாரியுங்கள். இருந்தால் சிகிச்சையோடு, வேலைக்கு வர முடியாத நாள்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். கட்டுப் பிரித்ததும் மறுபடி ஏணியில் ஏற்றிவிடாதீர்கள். கையின் பிடிபலம் முழுதாகத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். மருத்துவர் சரி என்னும்வரை தரையில் நின்று செய்யும் வேலையாகக் கொடுங்கள், சம்பளத்தைக் குறைக்காமல்.