கேள்வி நேரம்: யெசெனின் வெறும் குடிகாரக் கவிஞரா?

கே: ரஷ்யக் கவிஞர் செர்கெய் யெசெனின் என்றாலே குடி, காதல், நடனமணி இசடோரா டங்கன் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். உண்மையில் யார் அவர்? – வாசகர், செந்தூல்

ப: குடித்தது உண்மை, ரகளை செய்ததும் உண்மை. டங்கனை 1922ல் மணந்து ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றி, அடுத்த வருடமே ஊர் திரும்பியதும் உண்மைதான். ஆனால் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் கவிதைக்கு எப்போது வருவது?

1895ல் ரியாசான் மாகாணத்தில், ஓகா ஆற்றங்கரையில் கான்ஸ்தாந்தினோவோ என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அப்பாவுக்கு மாஸ்கோவில் இறைச்சிக் கடையில் வேலை என்பதால் பையன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். 1912ல் மாஸ்கோ போய் அதே கடையில் கொஞ்ச நாள், அப்புறம் அச்சகத்தில் பிழை திருத்துகிற பகுதியில் வேலை. 1915ல் பெத்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) போனவர், அன்றைய பெரிய கவிஞர் பிளோக்கின் வீட்டுக்கே நேராகப் போய்க் கவிதை வாசித்துக் காட்டினார். தைரியம்தான்! அடுத்த ஆண்டே முதல் தொகுப்பு வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் எழுதிய நாய்க் கவிதை ஒன்று போதும், ஆள் யாரென்று தெரிந்துகொள்ள. காலையில் ஏழு குட்டி போடுகிறது நாய், சாயங்காலம் எசமான் ஏழையும் சாக்கில் போட்டு எடுத்துப் போகிறான், பின்னாலேயே ஓடிப்போய்த் திரும்பி வருகிற நாய்க்கு, கூரைக்கு மேலே தெரியும் நிலா தன் குட்டிகளில் ஒன்றாகத் தெரிகிறது. மாட்டையும் நாயையும் கூடவே வைத்து வளர்ந்தவனுக்குத்தான் இது வரும்.

கே: அவர் ரஷ்யப் புரட்சியின் பக்கமா, எதிர்ப்பக்கமா? – வாசகி, பட்டர்வொர்த்

ப: பக்கம்தான், ஆனால் அவர் எதிர்பார்த்தது வேறு, வந்தது வேறு. 1917ல் குடியானவனின் சொர்க்கம் வரப்போகிறது என்று நம்பினார். வந்ததோ உள்நாட்டுப் போர், தானியப் பறிமுதல், பஞ்சம். 1920ல் தெற்கே ரயிலில் போகும்போது ஒரு குதிரைக்குட்டி ரயிலோடு போட்டி போட்டு ஓடுவதைப் பார்த்தார். இரும்புக் குதிரை ஜெயித்துவிட்டது என்று அந்தக் குட்டிக்கு இன்னும் தெரியவில்லையா என்று கவிதையில் கேட்கிறார். கிராமத்தின் கடைசிக் கவிஞன் நான் என்று எழுதியதும் அதே வருடம்தான்.

1924ல் எழுதிய ‘சோவியத் ருஷ்யா’ கவிதையில், ஊர் திரும்புகிறவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, இளைஞர்கள் வேறொரு கவிஞரின் பிரச்சாரப் பாட்டைப் பாடுகிறார்கள். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் வந்த பிறகு பழைய லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை, தேடிப் போய் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர், அவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆன்மா முழுவதையும் புரட்சிக்குத் தருகிறேன், என் யாழை மட்டும் தரமாட்டேன் என்கிறார் அதில். அவரை இரண்டு பக்கமும் இழுக்கிறவர்கள் இந்த இடத்தை முழுசாகப் படிப்பதில்லை என்பது என் எண்ணம்.

1925 டிசம்பர் 28 அன்று லெனின்கிராட் (அதே பெத்ரோகிராட்தான், பெயர் மாறியிருந்தது) விடுதி ஒன்றில் தற்கொலை செய்துகொண்டார், வயது 30. கொலை என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு, ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை. சாவது சுலபம், வாழ்வதுதான் கடினம் என்கிற மாதிரி அவரைக் கண்டித்துக் கவிதை எழுதிய மயாகோவ்ஸ்கியும் 1930ல் அதே முடிவைத் தேடிக்கொண்டார். 1927ல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவரான புகாரின் பத்திரிகையில் யெசெனினைக் கடுமையாகத் தாக்கினார், அதற்கப்புறம் பல வருடம் அவர் பெயரை அதிகாரிகள் முகம் சுளித்துத்தான் சொன்னார்கள். சனங்கள் மட்டும் கையால் எழுதி வைத்துப் படித்துக்கொண்டே இருந்தார்கள்.

கே: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? – வாசகர், புக்கிட் மெர்த்தாஜாம்

ப: சரி, ‘அம்மாவுக்குக் கடிதம்’ என்ற கவிதை. அது பிடித்தால் ‘பாரசீக ராகங்கள்’ என்ற கவிதை வரிசை. பாரசீகத்துக்கு அவர் போனதே இல்லை. காக்கசஸ் பகுதியில் பாத்தும், பாகு நகரங்கள் பக்கம் இருந்தபடியே எழுதியது.