கோதையாற்றில் கயாக் ஓட்டலாமா?

கேள்வி: "கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதையாறு மாதிரி பாறை நிறைந்த ஆறுகளில் கயாக் ஓட்ட முடியுமா? கடினமான நீரோட்டத்தில் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

எனக்குக் குலசேகரம் பக்கம். கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகை ஓட்டியிருக்கிறேன், ஆனால் நம்ம ஆற்றில் இல்லை. கோழிக்கோடு மாவட்டத்தில் ஓடும் சாலிப்புழையில். நம்ம ஆற்றில் ஏன் இறங்கவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சாலிப்புழையில் நான் குடித்த தண்ணீரின் கதை.

கோடஞ்சேரியை ஒட்டிப் புலிக்கயம் என்று ஒரு ஊர். துஷாரகிரி அருவி வழியாக வரும் சாலிப்புழை அங்கே பாறைகளுக்கு நடுவே இறங்கி, பிறகு இருவஞ்ஞிப்புழையோடு சேர்ந்து சாலியாற்றுக்குப் போகிறது. 2013 முதல் மழைக்காலத்தில் அங்கே மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வந்து போட்டி போடுவார்கள். நான் போட்டிக்குப் போகிற ஆள் இல்லை. கற்றுக்கொள்ளப் போனேன், இரண்டு மழைக்காலம். ஊர்ப் பெயரைக் கேட்டதுமே பிடித்துப்போனதற்குக் காரணம் அந்தக் 'கயம்'. எங்கள் ஊரிலும் ஆற்றில் ஆழமான இடத்துக்குக் கயம் என்றுதான் சொல்வோம். "கயத்துல எறங்காதலே" என்ற அதட்டலைக் கேட்காமல் கல்குளம், விளவங்கோடு பக்கம் ஒரு பிள்ளையும் வளர்ந்திருக்காது. (இந்த விளையாட்டை 'வெள்ளைநீர்' என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் வெள்ளம் என்றாலே வெறும் தண்ணீர்தான். "வெள்ளத்துல வண்டி ஓட்டப் போறேன்" என்று சொன்னபோது அம்மா சாதாரணமாகத்தான் தலையாட்டினாள். வீடியோ பார்த்த பிறகுதான் சண்டை.)

நீரோட்டத்தின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் சிற்றலை. 3 வந்தால் அலை ஒழுங்கில்லாமல் வரும், வண்டியை, அதாவது கயாக்கை, திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். 5 என்றால் தேர்ந்தவர்களே கரையில் நின்று யோசிக்கிற இடம். 6-க்கு உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் இந்த எண் ஆற்றுக்கு நிரந்தரமாக ஒட்டியது அல்ல. காலையில் 3 ஆக இருந்த இடம், மேலே காட்டில் மழை கொட்டினால் மதியத்துக்குள் 4 ஆகிவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். தண்ணீர் நிறம் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் கரையேற வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது.

இரண்டாவது வருடம் தரம் 3 என்று சொல்லப்பட்ட ஒரு துண்டில் இறங்கினேன். அடுத்தடுத்து மூன்று சாட்டம், தண்ணீர் பாறையிலிருந்து குதித்து விழுகிற இடங்கள். நேராகப் போய் விழ விடவில்லை. வண்டிகளைக் கரையில் வைத்துவிட்டு, கற்றுக்கொடுத்த சேட்டன் எங்களைக் கரையோரமாகவே கீழ்வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். எந்த வழியாகப் போவாய் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது, "நீ எங்கே கவிழுவாய்?" யோசித்து இரண்டாவது சாட்டத்தைக் காட்டினேன். அதற்குக் கீழே கயிற்றுப் பையோடு ஒருவரை நிறுத்தினார். அவ்வளவுதான் திட்டம்.

இரண்டாவது சாட்டத்துக்கு மேலே, இடது பக்கம் மாடு படுத்த மாதிரி ஒரு பாறை. அதன் பின்னால் தண்ணீர் ஓடாமல் சுற்றி நிற்கும். கயாக்காரர்கள் எடி என்பார்கள். ஓடும் தண்ணீரிலிருந்து ஒதுங்கி மூச்சு வாங்க ஆறு தருகிற திண்ணை அது. முதல் சாட்டம் முடிந்ததும் அங்கே ஒதுங்கி, நின்று, பார்த்து, பிறகு இரண்டாவதில் இறங்க வேண்டும். நான் ஒதுங்கவில்லை. முதல் சாட்டம் நன்றாக வந்துவிட்ட குஷியில் துடுப்பை ஒரு வலி பிந்திப் போட்டேன். முன்பாதி நின்ற தண்ணீரில், பின்பாதி ஓடும் தண்ணீரில். வண்டி குறுக்கே திரும்பியது. ஓட்டம் பக்கவாட்டில் வந்து மோதும்போது அது போகிற திசைக்குச் சாய வேண்டும், பைக்கை வளைவில் சாய்ப்பது மாதிரி. மனுஷ புத்தி எதிர்ப்பக்கம்தான் சாயும். சாய்ந்தேன். மேல்விளிம்பில் தண்ணீர் ஏறியது, அடுத்த நொடி தலைகீழ்.

கயாக்கில் இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை ஒன்று இருக்கும், தண்ணீர் உள்ளே புகாமல் வண்டியோடு இறுக்கிக்கொள்வது. கவிழ்ந்தால் வெளியே வராமல், உள்ளே இருந்தபடியே இடுப்பை வெட்டித் திரும்பி எழ வேண்டும். ரோல் என்பது அதுதான். எழும்போது தலை கடைசியில் வர வேண்டும். தலையை முதலில் தூக்கினால் மறுபடியும் கவிழும். அசையாத தண்ணீரில் இருபது தடவை சரியாகச் செய்தவன் நான். அன்றைக்கு இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் தலைதான் முதலில் வந்தது. மூச்சுக்கு அலைகிறவனிடம் தலையைக் கடைசியில் தூக்கு என்றால் எப்படி? மூன்றாவதுக்குக் காற்று இல்லை. பாவாடையின் முன்பக்கத்து வளையத்தைப் பிடித்து இழுத்தேன், வெளியே வந்தேன்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். கால் ஏதோ ஒரு பாறையில் பட்டது. நான் பிறந்ததிலிருந்து ஆற்றில் கால் பட்டால் எழுந்து நின்றுதான் பழக்கம், நீங்களும் அப்படித்தான். ஓடும் தண்ணீரில், பாறை உள்ள ஆற்றில், இடுப்பளவு ஆழத்தில் அப்படி நிற்கப் போனால் கால் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். ஓட்டம் முதுகில் தள்ளி ஆளை முன்னால் மடக்கிவிடும். இடுப்பளவு தண்ணீரிலேயே ஆள் மூழ்குவது அப்படித்தான். மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் மேலே தூக்கி, போகிற திசைக்குப் பாதம் காட்டி மிதக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு பாடம் மட்டும் மண்டையில் நின்றது. பாதம் இரண்டு கல்லில் இடித்தது, இடுப்பு ஒன்றில். மூன்றாவது சாட்டத்தை வண்டியில்லாமலே கடந்தேன். "கயிறு!" என்று கத்தல் கேட்டது. மார்பில் வந்து விழுந்தது. கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, பிடிக்க மட்டும் வேண்டும், தோளுக்கு மேலே விட்டு மல்லாந்தே கிடக்க வேண்டும். ஓட்டமே ஊஞ்சல் மாதிரி வீசிக் கரையில் ஒதுக்கியது. மொத்தம் ஒரு நிமிடம் இருக்குமா என்று சந்தேகம். கயாக் எனக்கு முன்னால் கரை சேர்ந்திருந்தது.

இனி நம்ம ஆறு.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது மாமா என்னைக் குழித்துறைக்குக் கூட்டிப்போனார். அம்மாவின் தம்பி, இளவட்டத்தில் மழைவெள்ளத்தில் நீந்தித் தேங்காயும் தடியும் பிடித்த ஆள். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை, சப்பாத்து என்போம். அன்று சப்பாத்துக்கு மேலே முழங்கால் அளவுதான் தண்ணீர். அலையில்லை, நுரையில்லை, கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. குளிக்கலாமே என்றேன். மாமா பதில் சொல்லாமல் கரையில் கிடந்த ஒரு தேங்காயை எடுத்து எறிந்தார். அது வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் விழுந்தது. மிதந்து போகும் என்று பார்த்தால், போகவில்லை. அடியில் உருண்டது, உள்ளே போனது, கொஞ்சம் கீழே மிதந்தது, திரும்பவும் சுவரை நோக்கி இழுபட்டு வந்தது, மறுபடி உள்ளே போனது. பஸ்ஸுக்கு நேரமாகி நாங்கள் கிளம்பும்வரை அந்தத் தேங்காய் அங்கேயேதான் இருந்தது. "கண்டியா?" என்றார், அவ்வளவுதான்.

காரணம் புலிக்கயத்தில்தான் விளங்கியது. மேலிருந்து விழும் தண்ணீர் அடிக்குப் போகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்ப மேல்தண்ணீர் பின்னோக்கி, சுவரை நோக்கி ஓடி வருகிறது. விழுந்தவனை இந்த இரண்டும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்ளும். போதாததற்குக் காற்று கலந்த நுரைத்தண்ணீர் ஆளைத் தாங்காது. பாறைக்குப் பின்னாலும் இதே சுழற்சி உண்டு. ஆனால் பாறை கோணல்மாணலானது. எங்காவது ஒரு ஓரத்தில் திறப்பு இருக்கும், அந்தப் பக்கம் தள்ளி வெளியே வரலாம். தடுப்பணையை மனிதன் ரசமட்டம் வைத்துக் கட்டுகிறான். கரைக்குக் கரை ஒரே சீர், இரண்டு ஓரத்திலும் சுவர், திறப்பே கிடையாது. ஆங்கிலத்தில் இதற்கு மூழ்கடிக்கும் இயந்திரம் என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பாறைகளுக்கு நடுவே சீறும் வெள்ளைத் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், இந்த வழவழப்பான கோட்டைப் பார்த்து "இறங்கலாம் போல இருக்கே" என்கிறார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

கோதையாற்றை இதோடு சேர்த்துப் பாருங்கள். மேலே 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை. அதற்கும் மேலே போனால் காடு, வனத்துறையைக் கேட்காமல் கால் வைக்க முடியாது. மின்நிலையத்திலிருந்து தண்ணீர் விடும் நேரமும் உங்கள் கையில் இல்லை. அணைக்குக் கீழே, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் விடுகிற தண்ணீர் கால்வாய் வழியாகப் போய்விடும். மழையில்லாத மாதங்களில் ஆற்றில் பாறைதான் தெரியும், கயாக் உரசிப் போகக்கூட ஆழம் இருக்காது. கனமழை பெய்து அணை நிறைந்து உபரி திறந்தால் ஒரேயடியாக வரும். காய்ச்சல், இல்லையென்றால் பாய்ச்சல். சாலிப்புழையில் மழைக்காலம் முழுக்கக் கிடைக்கிற அந்த நடுவாந்தரத் தண்ணீர் இங்கே கிடைப்பது அபூர்வம்.

அப்படியே கிடைத்தாலும் திற்பரப்பில் என்ன இருக்கிறது? அருவிக்கு மேலே ஒரு தடுப்பணை, படகு விடுகிறார்கள். அதைத் தாண்டினால் ஒரே பாறைத்தளம், அது முடிகிற இடத்தில் சுமார் 50 அடி. சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிற சிவாலய ஓட்டக்காரர்கள் 'கோவிந்தா கோபாலா' என்று மூன்றாவது கோயிலுக்கு ஓடி வருகிற அதே கரை. அருவிக்குக் கீழே அருமனை பக்கம் ஓரளவு நல்ல ஓட்டம் உண்டு, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு கரையிலும் ரப்பர் மரங்கள். பெருமழையில் வேரோடு சாய்ந்த மரங்கள் கிளைகளோடு தண்ணீரில் கிடக்கும். தண்ணீர் கிளை வழியே வடிந்து போகும், நீங்கள் போக மாட்டீர்கள். சல்லடையில் நிற்கிற கப்பிதான் நீங்கள். எந்தக் கயாக்காரனும் பாறையைவிட மரத்துக்குத்தான் பயப்படுவான். அதையும் தாண்டிக் கீழே வந்தால் மாமாவின் சப்பாத்து.

ஆகவே, கேட்டவருக்கு: வேண்டாம். கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து ஆன்லைனில் காற்றடிக்கும் படகு வாங்கி இறங்கலாம் என்று யோசித்திருந்தால் அதைவிட வேண்டாம். ஆசை இருந்தால் ஜூலையில் புலிக்கயம் போங்கள், கயிறு எறியத் தெரிந்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். நீச்சல் தெரியும் என்பதை நம்பாமல், போன முதல் நாளே கவிழ்ந்து வெளியே வருவதை மட்டும் பத்து தடவை செய்யுங்கள். செருப்பு உதவாது, காலோடு கட்டிய ஷூ வேண்டும். துடுப்பு பழக மட்டும் என்றால் அலையில்லாத மாதத்தில் தேங்காய்ப்பட்டணம் காயலில் அமைதியான தண்ணீர் கிடைக்கும். முகத்துவாரத்துப் பக்கம் மட்டும் தலைவைக்காதீர்கள், வள்ளக்காரர்களே கவிழ்கிற இடம் அது.

அந்த வீடியோவை மாமாவுக்கும் காட்டினேன். ஹெல்மெட்டில் மாட்டிய கேமராவில் எடுத்தது, பாதிக்கு மேல் நுரைதான். கயாக் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. முதல் சாட்டம் முடிந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, திரையின் இடது மூலையில் விரலை வைத்தார். அந்த மாட்டுப் பாறை.

"இந்தக் கல்லுக்க பொறத்தால ஏம்லே ஒதுங்கல்ல?"