குவாரி செய்திக்கு வக்கீல் நோட்டீஸ்: நீக்க வேண்டுமா?

பண்ருட்டி பக்கத்துச் செம்மண் குவாரியில் அனுமதித்த ஆழத்தைத் தாண்டித் தோண்டுவதாக எழுதினீர்கள். இப்போது அது அவதூறு என்று 5 கோடி கேட்டு, 7 நாளில் செய்தியை நீக்கச் சொல்லி குவாரித் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ். சரி, அது கோர்ட் உத்தரவு இல்லை. தொகையே மிரட்டத்தான். பதறி மன்னிப்புக் கடிதம் எழுதிவிடாதீர்கள், அதையே நாளை உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

ஆழத்தை அளந்தது யார்? ஊர்க்காரர்கள் சொன்னது மட்டும் என்றால் அந்த வரிதான் உங்கள் பலவீனம். கலெக்டர் ஆபீஸ் கனிமவளப் பிரிவில் குத்தகை ஆணை, நடைச்சீட்டு (மண் ஏற்றிச் செல்லும் லாரிக்கான அனுமதிச் சீட்டு) விவரங்களை ஆர்டிஐ போட்டு வாங்குங்கள். சிவில் அவதூறு வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் போதும். கிரிமினலாகப் போனால் (பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ், பிரிவு 356) பொதுநன்மைக்காக எழுதியது என்றும் காட்ட வேண்டும். குவாரி விஷயத்தில் அது கஷ்டமில்லை.

நான் பயப்படுவது இடைக்காலத் தடைக்குத்தான். கடலூர் நீதிமன்றத்தில் கேவியட் (எங்கள் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்ற மனு) போட்டு வையுங்கள், 90 நாள் செல்லும். வேறு ஊரில் வழக்குப் போட்டால் அது உதவாது. அப்படித் தடை கேட்டால் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் - ஜீ டிவி நிறுவனம் வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வக்கீல் எடுத்து வைக்கட்டும்: முழு விசாரணைக்கு முன் செய்தியைத் தடுப்பது அபூர்வமாகத்தான் நடக்க வேண்டும்.

அப்புறம், நோட்டீஸுக்குப் பதிலை வக்கீல் மூலமே அனுப்புங்கள். குவாரி ஆட்கள் போனில் கூப்பிட்டால் பேசாதீர்கள்.