அங்கோர் வாட்டுக்கு முட்டி மாற்றிய அம்மாவை அழைத்துப் போகலாமா? ஏஜென்ட் கேட்கும் பணம் நியாயமா?

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். வரும் ஜனவரியில் அப்பா (71), அம்மா (66), மனைவி, பையனோடு அங்கோர் வாட் போகத் திட்டம், கம்போடியாவின் சியம் ரீப் ஊரில் நான்கு இரவு. அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் முட்டி மாற்று ஆபரேஷன் ஆனது. சமதளத்தில் நன்றாக நடப்பார், படி என்றால் பயம். ஏஜென்ட் விசாவுக்குத் தலைக்கு 6,500 ரூபாய், "அரைவல் பதிவு" என்று 1,500 கேட்கிறார். ஏழு நாள் "விஐபி பாஸ்" எடுத்தால்தான் கோயிலில் மேலே ஏற விடுவார்களாம். பையனுக்கு மார்ச்சில் 12 முடிகிறது, அவனுக்கும் முழு டிக்கெட் என்கிறார். இதெல்லாம் உண்மையா? அம்மாவை அழைத்துப் போவது சரியா?

பதில்: அம்மாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஏஜென்ட்டை மட்டும் இங்கேயே விட்டுவிடலாம்.

முதலில் அந்த "அரைவல் பதிவு". கம்போடியாவுக்கு விமானத்தில் வருகிற எல்லோரும் நிரப்ப வேண்டிய ஆன்லைன் படிவம் அது. 2024 செப்டம்பரிலிருந்து காகிதப் படிவத்துக்குப் பதிலாக இதுதான் கட்டாயம். இதற்குக் கட்டணம் கிடையாது, ஒரு ரூபாய்கூட இல்லை. போனில் பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், தங்குமிடம் என்று அடித்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு ஐந்து பேருக்கு 7,500 ரூபாய் கேட்கிறார் உங்கள் ஏஜென்ட். சரி, அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, தேடுபொறியில் தட்டினால் மேலே வந்து நிற்கிற பாதி தளங்களும் இதையேதான் செய்கின்றன. கம்போடியக் கொடி, அரச முத்திரை மாதிரி ஒரு படம், கீழே கண்ணுக்கே தெரியாத எழுத்தில் "நாங்கள் தனியார் சேவை". அரசாங்கத் தளத்தின் முகவரி ஜிஓவி புள்ளி கேஎச் என்று முடியும், அது ஒன்றுதான் அடையாளம். மற்ற எந்த வால் இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

விசாவும் அப்படித்தான். சுற்றுலா விசாவுக்கு அங்கே இறங்கி வாங்கினால் 30 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. பெரியவர்கள் இருப்பதால் ஊரிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிட்டுப் போவது நல்லது. இரவு முழுக்கப் பயணம் செய்த காலோடு விசா கவுண்டரில் நிற்க வைக்க வேண்டாம். பையனுக்கும் தனி விசா வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். நம் ஊர் ஆட்களுக்கு இருக்கிற பழைய தலைவலி, குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிற பாஸ்போர்ட். டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி பெயரை அடித்துவிட்டுப் பிறகு விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். உலகத்தில் இத்தனை கோடிப் பேருக்குக் குடும்பப் பெயரே இல்லை என்பது இந்தப் படிவங்களைச் செய்கிறவர்களுக்கு என்றைக்குத்தான் உறைக்குமோ தெரியவில்லை.

சில வருடத்துக்கு முன் என்னோடு வந்த குழுவில் ஒருவர் இப்படிப் போலித் தளம் ஒன்றில் பணம் கட்டிவிட்டு, விசா வந்துவிட்டது என்று ஒரு காகிதத்தையும் அச்செடுத்து வைத்திருந்தார். பார்க்க அழகான காகிதம். இறங்கியதும் அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், விசா கவுண்டர் பக்கம் கையை நீட்டினார். மறுபடி 30 டாலர். அதோடு போனதே என்று சந்தோஷப்பட்டோம்.

இப்போது பாஸ், அதாவது அங்கோர் கோயில்களுக்கான நுழைவுச் சீட்டு. சுற்றுலாப் பயணிக்கு மூன்றே வகைதான்: ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. "விஐபி" என்று ஒன்று கிடையாது. எந்தப் பாஸ் வைத்திருந்தாலும் அதே வாசல், அதே படி, அதே வரிசை. உங்களுக்கு மூன்று நாள் பாஸ் போதும். அதை அடுத்தடுத்த மூன்று நாள்தான் பயன்படுத்த வேண்டும் என்றில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம், நடுவில் அம்மா ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் பாஸ் வீணாகாது. நான்கு பெரியவர்களுக்கு 248 டாலர். ஏழு நாள் பாஸ் என்றால் 288, அந்த 40 டாலரை யாருக்குத் தானம் செய்கிறீர்கள்? அங்கோர் பாஸ் விற்கிற அமைப்பின் தளத்திலேயே உங்கள் புகைப்படத்தை ஏற்றி வாங்கிவிடலாம், இல்லாவிட்டால் அங்கே போய் வாங்கலாம். டிக்கெட் அலுவலகம் கோயில் வாசலில் இல்லை, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தள்ளி, சியம் ரீப் ஊர்ப்பக்கம் இருக்கிறது. தெரியாமல் நேராகக் கோயிலுக்குப் போய்த் திரும்பி வருகிறவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். வாசலில் ஒரு கவுண்டர் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று நானும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பாஸில் உங்கள் முகம் அச்சாகியிருக்கும். அதனால் "நண்பர் ஒருவர் இரண்டு நாள்தான் பயன்படுத்தினார், மிச்சம் ஒரு நாள் இருக்கிறது" என்று யாராவது பாதி விலைக்கு நீட்டினால் வாங்க வேண்டாம். ஒவ்வொரு கோயிலிலும் பாஸைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

பையன் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் நம்மவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறோம். விதி, 12 வயதுக்குக் கீழே இருந்தால் பாஸ் தேவையில்லை. உங்கள் பையனுக்கு ஜனவரியில் 11 முடிந்து 12 நடக்கிறது. நம் வீட்டில் என்ன சொல்வோம்? "பன்னிரண்டு நடக்குது." கவுண்டரில் இருக்கிற பெண் ஆங்கிலத்தில் வயது கேட்பாள், தாத்தா வாஞ்சையோடு "ட்வெல்வ்" என்பார், முடிந்தது கதை, 62 டாலர். அவர்கள் கணக்கு முடிந்த வயதுதான், நடக்கிற வயது இல்லை. வயது பதினொன்று என்று சொல்லி, பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைக் காட்டுங்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள், கவுண்டரில் மட்டுமில்லை, கோயில் கோயிலாகவும் கேட்கலாம். உயரமாக வளர்ந்த பையன் என்றால் நிச்சயம் கேட்பார்கள். ஓட்டல் லாக்கரில் பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் வாசலில் நிற்கிறவர் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளினால் மார்ச் பிறந்தநாள் தாண்டிவிடும், அப்போது முழு டிக்கெட்தான், அதில் பேரம் கிடையாது. ஏப்ரல் வேண்டவும் வேண்டாம், வெயில் மண்டையைப் பிளக்கும்.

இந்த 12 வயதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கோர் வாட்டின் உச்சித் தளத்தை பாகான் என்பார்கள், அங்கே 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். அது செங்குத்தான படி. பழைய கல்படியில் பாதம் பாதிதான் பதியும், இப்போது ஏறுவதற்கு அதன் மேல் கைப்பிடியோடு மரப்படி போட்டிருக்கிறார்கள். அதுவும் ஏணி மாதிரிதான், ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். ஒரு நேரத்தில் 100 பேரைத்தான் மேலே விடுவதால் வெயிலில் வரிசை வேறு. பௌத்தப் புனித நாட்களில் மூடியிருக்கும். பௌர்ணமி, அமாவாசை, நடுவில் வருகிற அஷ்டமியை ஒட்டி என்பதால், உங்கள் வீட்டு நாள்காட்டியைப் புரட்டினாலே எந்த நாளைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆகவே நீங்களும் மனைவியும் ஏறுங்கள், பாட்டியும் பேரனும் கீழே இருக்கட்டும். அம்மாவை "மெதுவா ஏறிடலாம்மா" என்று ஆசை காட்டாதீர்கள். அங்கே எவ்வளவு உயரத்துக்கு ஏறினோம் என்பதை வைத்துக் கோயிலைப் பார்த்த கணக்கு இல்லை.

கீழேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில், எல்லோரும் மேற்கு வாசலில்தான் போய் இறங்குவார்கள். அகழியைக் கடக்கும் பாலம், அப்புறம் உள்ளே ஏறத்தாழ 350 மீட்டர் கல்நடை, ஆக கோயிலைத் தொடுவதற்குள்ளேயே அரைக் கிலோமீட்டர் தாண்டிவிடும். அம்மாவோடு போகும்போது டிரைவரிடம் கிழக்குப் பக்கம் விடச் சொல்லுங்கள். அங்கே பாலம் கிடையாது, மண்மேட்டுப் பாதை, மரநிழல், கூட்டமும் குறைவு. நடை இங்கேயும் உண்டு, ஆனால் காலுக்குக் கீழே கல் இல்லை, மண். சில படிகள் ஏறியதும் கிழக்குத் திருச்சுற்றின் தென்பாதியில், கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல். 92 அசுரர்கள் ஒரு பக்கம், 88 தேவர்கள் ஒரு பக்கம், நடுவில் விஷ்ணு, கீழே ஆமை, பாதியாக வெட்டுப்பட்ட மீன்களும் முதலைகளும். அம்மாவுக்கு வழிகாட்டியே தேவைப்படாது, அவரே பேரனுக்குச் சொல்லிவிடுவார்.

வழிகாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. பாஸை மடித்துப் பையில் வைப்பதற்குள் ஒருவர் வந்து "தூணைப் பாருங்கள்" என்று ஆரம்பிப்பார், அரை மணி கழித்து 20 டாலர் என்பார். உரிமம் உள்ள வழிகாட்டி சீருடையும் அடையாள அட்டையும் போட்டிருப்பார், அவரை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். நீங்கள் தமிழ் என்று தெரிந்ததும் "இது சோழர் கட்டியது" என்று சொல்கிறவரை நம்பிக் கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள். கட்டியது கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன், 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. காம்போஜ, அதாவது கம்போடிய, அரசன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது, அது வேறு கதை, நூறு வருடம் முந்தியது.

உண்மையான தமிழ்த் தொடர்பைப் பார்க்க வேண்டுமென்றால் பந்தியாய் ஸ்ரீ போங்கள். என்னைக் கேட்டால் அம்மாவுக்கான கோயில் அதுதான். சியம் ரீப்பிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதே பாஸ் போதும், 967-இல் குடமுழுக்கு ஆன சிவன் கோயில். சின்னக் கோயில், தரையோடு தரையாக இருக்கும், இளஞ்சிவப்பு மணற்கல்லில் சந்தன மரத்தில் செதுக்கியது மாதிரி வேலை. கைலாயத்தை உலுக்கும் ராவணன் இருக்கிறார். கிழக்கு வாசல் முகப்பில் சிவன் ஆடுகிறார், அவர் காலடியில் ஓரமாக, எலும்பு தெரிய, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நம் காரைக்கால் அம்மையார். வெளிநாட்டுக் கூட்டம் ராவணனைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடும், அம்மையாரைக் கவனிக்கிறவர்கள் குறைவு. நான் அழைத்துப் போன ஒரு அம்மா அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், பத்து நிமிடம் யாரும் ஒன்றும் பேசவில்லை. காலையில் போங்கள், கிழக்கு வெயில் முகப்பில் விழும். ஊரைச் சுற்ற எல்லோரும் நம் ஆட்டோ மாதிரியான டுக்டுக்கில் போவார்கள், இந்தத் தூரத்துக்கு ஐந்து பேர், புது முட்டி, புழுதி எல்லாம் சேர்த்தால் ஏசி வண்டிதான் சரி.

வண்டி என்றால் விமான நிலையத்திலிருந்தே பேசி வையுங்கள். பழைய விமான நிலையம் ஊரை ஒட்டி இருந்தது. 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல், பழைய பயணக் குறிப்புகளில் "பதினைந்து நிமிடம்" என்று இருப்பதை நம்பி இறங்காதீர்கள். பாங்காக்கில் இறங்கிப் பேருந்தில் எல்லை தாண்டலாம் என்று யாராவது மலிவு பேக்கேஜ் நீட்டினால் கும்பிடு போட்டுவிடுங்கள். 2025 ஜூனில் தாய்லாந்து-கம்போடியா தகராறில் தரை எல்லைகளை மூடினார்கள், சண்டையும் நடந்தது, பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே யோசிக்க வேண்டாம்.

டாலர் நோட்டைப் பற்றி ஒரு விஷயம் மிச்சம். அங்கே புழங்குவது டாலர்தான், சில்லறைக்கு அந்த நாட்டுப் பணமான ரியல், ஒரு டாலருக்குச் சுமார் 4,000. ஆனால் ஓரத்தில் ஊசிமுனை அளவு கிழிசல், பேனாக் கீறல், மடிப்பில் வெளுப்பு, எது இருந்தாலும் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். என்னுடைய 100 டாலர் நோட்டை ஒரு ஓட்டலில் விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மூலையில் யாரோ எழுதிய ஒரு சின்ன எண்ணைக் காட்டி மறுத்தார்கள். அதை ஊருக்கே திரும்பக் கொண்டுவந்தேன். இங்கே மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டையும் பார்த்து வாங்குங்கள், மாற்றுகிறவர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை, 1, 5, 20 டாலராக நிறைய கேளுங்கள்.

அந்தச் சில்லறை கையில் இருக்கும்போது ராத்திரிக் கடைத்தெருவில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து "பணம் வேண்டாம், பால் பவுடர் வாங்கிக் கொடுங்கள்" என்பாள், உங்கள் அம்மா கண்டிப்பாகக் கரைந்துவிடுவார். அவள் காட்டுகிற கடையில் வாங்கிய டப்பா நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அதே அலமாரிக்குப் போய்விடும், பணம் அவளுக்கும் கடைக்காரருக்கும் பங்கு. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நாம் வாங்கிய ஒவ்வொரு பாஸிலிருந்தும் 2 டாலர் அங்கே இலவசமாக வைத்தியம் பார்க்கிற காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது என்று.