மீக்கடத்தியின் மாறுநிலை வெப்பநிலையை அளப்பது: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒய்பிசிஓ (இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு; மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே மின்தடையை முற்றிலும் இழக்கும் மீக்கடத்தி) துண்டை மல்டிமீட்டரில் அளந்தேன். திரவ நைட்ரஜனில் முக்கியும் 3 ஓம் காட்டுகிறது. துண்டு கெட்டுவிட்டதா?

பதில்: அந்த 3 ஓம் கம்பிகளுடையது, ஒட்டுமுனைகளுடையது. 1 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள நல்ல துண்டில் 5 மி.மீ. நீளத்துக்கு 100 கெல்வினிலேயே சில பத்து மில்லி ஓம்தான் இருக்கும். துண்டில் வரிசையாக நான்கு முனைகளை ஒட்டும் நான்முனை முறைக்கு மாறுங்கள்; அதில் கம்பிகளின் மின்தடை அளவில் சேராது. வெளிமுனைகளில் 10 மில்லி ஆம்பியர் மாறா மின்னோட்டம், உள்முனைகளில் மைக்ரோவோல்ட் காட்டும் மீட்டர்.

கேள்வி: நான்முனை போட்டாச்சு. 80 கெல்வினில் 4 மைக்ரோவோல்ட் அப்படியே நிற்கிறதே?

பதில்: மின்னோட்டத்தின் திசையைத் திருப்புங்கள். குறி மாறாமல் +4 என்றே நின்றால் அது கம்பி இணைப்புகளில் எழும் வெப்ப மின்னழுத்தம்; −4 ஆனால் உண்மையான மின்தடை. ஒவ்வொரு புள்ளியிலும் இரு திசையிலும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, இரண்டால் வகுத்துவிடுங்கள்.

கேள்வி: மாறுநிலை வெப்பநிலை குளிரும்போது 87, சூடேறும்போது 95 கெல்வின் வருகிறது. சராசரி 91 என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். இந்தச் சோதனையில் பிழை பெரும்பாலும் மின்தடையில் வருவதில்லை, வெப்பநிலையில்தான் வருகிறது. வெப்பமானி தன் வெப்பநிலையைத்தான் சொல்லும், துண்டினுடையதை அல்ல. உங்கள் எண்களைப் பார்த்தால் துண்டுதான் வெப்பமானிக்குப் பின்தங்குகிறது. வெப்பமானி பின்தங்கினால் இரண்டும் இடம் மாறியிருக்கும்.

செம்புக் கட்டை ஒன்றில் துண்டையும் பிளாட்டினம்-100 உணரியையும் (இதுதான் வெப்பமானி) பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். துண்டுக்கு அடியில் மெல்லிய காப்புத்தாள், மேலும் கீழும் அபீசான் என் கிரீஸ் (கடுங்குளிரிலும் வெப்பத்தைக் கடத்தும் பசை). கம்பிகள் மெல்லியதாக, 0.1 மி.மீ. போதும், உணரியைத் தொடுமுன் கட்டையைச் சில சுற்றுச் சுற்றி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அறையின் வெப்பம் கம்பி வழியே உணரிக்குள் இறங்கும். நிமிடத்துக்கு 1 கெல்வின் வேகம். 95-லிருந்து 85 வரை அதிலும் பாதி. வேகத்தைப் பாதியாக்கும்போது குளிரும்போதும் சூடேறும்போதும் வரும் எண்களுக்கு இடையிலான இடைவெளியும் சுருங்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் ஒட்டுதல் சரியில்லை. கொதிக்கும் நைட்ரஜனில் உணரி ஏறத்தாழ 20 ஓம் காட்டுகிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் எந்தப் புள்ளியை எடுப்பது?

பதில்: மின்தடை சரியத் தொடங்கும் இடம், பாதியாகும் இடம், பூச்சியமாகும் இடம் மூன்றையும் மின்னோட்ட அளவோடு குறியுங்கள். வெறுமனே ‘92 கெல்வின்’ என்றால் படிப்பவருக்கு எதுவும் புரியாது.

கேள்வி: மின்தடை 92-ல் சரிந்துவிட்டு, 83 வரை வால் போல இழுக்கிறது.

பதில்: 1 மில்லி ஆம்பியரில் மறுபடி அளங்கள். வால் சுருங்கினால் துகள்களுக்கு இடையிலான இணைப்பு பலவீனம். சுருங்காவிட்டால் ஆக்சிஜன் குறைவைச் சந்தேகியுங்கள். 450 டிகிரி செல்சியஸில் ஆக்சிஜன் ஓட்டத்தில் பல மணி நேரம் வைத்து, மெதுவாகக் குளிரவிட்டு அளந்து பாருங்கள்.

கேள்வி: மின்தடை பூச்சியம் என்றால் துண்டு முழுக்க மீக்கடத்திதானே, ஐயா?

பதில்: இல்லை. முனைக்கு முனை ஒரே ஒரு இழை தொடர்ந்திருந்தாலே மீட்டர் பூச்சியம் காட்டிவிடும். மாறுதிசை காந்த ஏற்புத்திறனையும் (மாறுதிசைக் காந்தப்புலத்தைத் துண்டு எவ்வளவு விலக்குகிறது என்பதை) அளந்தால் சந்தேகம் பெருமளவு தீரும். அதிலும் கவனம் வேண்டும்: வெளி ஓடு மட்டும் மீக்கடத்தியாக இருந்தாலும் உள்ளே காந்தப்புலம் புகாது. துண்டைப் பொடித்து அளந்தால் அந்த மறைப்பு விலகும்.