ரிப்போர்ட் நார்மல், கால் மட்டும் வலிக்கிறது – கடிதம்

வணக்கம் அக்கா,

தீராத கால் வலியோடு இருப்பதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன். எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். இரண்டு வருடமாகப் பாத வலி. முதலில் காலையில் எழுந்து ஊன்றும்போது குதிகால் மட்டும் வலித்தது. இப்போது ராத்திரியானால் உள்ளங்கால் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. ஒரு டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, குதிகால் எலும்பில் முள்போல் வளர்ந்திருக்கிறது என்றார். இன்னொருவர் அது காரணமே இல்லை என்றார். சுகர் இல்லை. நரம்பு டெஸ்ட்டும் நார்மல். கடைசியாகப் பார்த்தவர், "ஒன்றும் இல்லை, டென்ஷன்" என்று அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார். கூகுளில் பார்த்தால் மனச்சோர்வு மாத்திரையாம். நாலு நாளில் நிறுத்திவிட்டேன். வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஏன் வலிக்கிறது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஏன் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்பதும் காலில் ஒன்றும் இல்லை என்பதும் வேறு வேறு. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், நரம்பு அதில் தெரியாது. முள் விஷயத்தில் நான் இரண்டாவது டாக்டர் கட்சி. வலியே இல்லாத எத்தனையோ பேரின் குதிகாலிலும் அந்த முள் இருக்கிறது. காலில் லேசாக ஷாக் வைத்துப் பார்ப்பார்களே, அந்த நரம்பு டெஸ்ட் தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் கொண்டுபோகிற மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் நார்மல் என்றே வரும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. கதவு இன்னும் மூடவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

இனி அந்த மாத்திரை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். அதையே குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் ரொம்ப காலமாகக் கொடுத்து வருகிறார்கள். வலியை மேலே கொண்டுபோகும் பாதையில் அது வேலை செய்கிறது; பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். நானும் ராத்திரி அதில் சின்ன மாத்திரை ஒன்று போடுகிறேன். காலையில் வாய் உலர்ந்து போகும், மந்தமாக இருக்கும். ஆனால் தூக்கம் வருகிறது. எனக்கு எழுதிக்கொடுத்த டாக்டர், "உங்கள் வலிக்கு என்னால் பெயர் வைக்க முடியவில்லை, குறைக்க முடியும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உங்கள் டாக்டர் டென்ஷன் என்று ஒற்றை வார்த்தையில் முடித்ததில் எனக்குக் கோபம்தான். அதற்காக மருந்தைப் பழிக்க வேண்டாம். நீங்களாக மறுபடி ஆரம்பிக்காமல் நேரே போய், "இது நரம்பு வலிக்கா, மனசுக்கா?" என்று கேளுங்கள்.

ரத்தத்தில் வைட்டமின் பி12-ம் தைராய்டும் பார்த்தாயிற்றா? காலையில் எழுந்ததும் கால் விறைப்பாக இருந்தால், அது அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா? இடுப்பும் சேர்ந்து பிடிக்கிறதா? முதுகெலும்பைப் பிடிக்கும் ஒருவகை மூட்டுவாதம் சில இளைஞர்களுக்குக் குதிகால் வலியாகவும் வரும். அப்படியென்றால் பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத டாக்டர். போகும்போது இரண்டு பாதத்தையும் தாளில் வரைந்து, வலிக்கும் இடத்துக்கு ஒரு நிறம், எரியும் இடத்துக்கு ஒரு நிறம் தீட்டிக் கொண்டுபோங்கள். என் ஃபைல் நான் எழுதிய எந்த நாவலையும்விடத் தடிமன். அதில் டாக்டர்கள் நின்று பார்த்தது அந்த ஒரு தாளைத்தான்.

சுட்ட செங்கல்மேல் எருக்கிலை வைத்து மிதிக்கச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள், சுகமாகவும் இருந்தது. ஆனால் எரிகிற காலில் சில சமயம் சூடு உறைக்காது, வெந்துபோவது தெரியாது. உங்களுக்கு வேண்டாம். மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு நல்லதுதான். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களுக்குப் புண் வராமலிருக்கச் செய்துகொடுத்த செருப்பு அது. வலியே தெரியாத கால்களுக்கு வந்ததை இன்று வலிக்கிற நாம் போட்டுக்கொண்டு நடக்கிறோம்.

அப்புறம், கடையில் உட்கார இடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவேயில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தியாயிற்று. வலிக்குப் பெயர் கிடைக்கும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேளுங்கள். தீபாவளிக் கூட்டம் ஆரம்பிப்பதற்குள் கேட்டுவிடுங்கள்.